நல்லா நடக்கிறீங்க

நீங்கள் மேசைமேல் சாட்சிப் பொருளாக வைத்திருக்கும் அந்தப் பிஸ்கட் டப்பா என் வீட்டுடையது. விசாரணை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டால் நல்லது. என் மனைவி அதில் ஊசியும் நூலும் போட்டு வைத்திருந்தாள். நான் அவற்றைக் கொட்டிவிட்டு டப்பாவை எடுத்து வந்ததை இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். பிஸ்கட்டில் ஏதாவது கலந்தேனா என்று ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தீர்களாம். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மாவு, சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு.

என் வேலை பிறரை நடக்க வைப்பது. பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறேன். நுரையீரல் ரத்த அழுத்தம் என்று ஒரு நோய் இருக்கிறது. கையில் பட்டை கட்டிப் பார்க்கிற அழுத்தம் இல்லை இது. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாய்கள் சுருங்கிவிடும். இதயத்தின் வலப்பக்கம் முட்டி முட்டித் தள்ளிப் பார்த்து, ஒரு நாள் ஓய்ந்துவிடும். குழாய்கள் ஏன் சுருங்குகின்றன என்பது பாதிப் பேர் விஷயத்தில் யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதை நாற்பது படம் போட்டுச் சொல்லத் தெரிந்தவரைப் பேராசிரியர் என்கிறோம்.

எங்கள் பேராசிரியருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'மைக்'. இரண்டு பேர் நிற்கும் லிஃப்டில்கூட "இங்கே கூடியிருக்கும் நண்பர்களே" என்கிற குரலில்தான் பேசுவார். புது மாத்திரை ஒன்று அவர் கையில் வந்தது. அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். எவ்வளவு பெரிய கருவிகள் இருந்தாலும் கடைசியில் நோயாளியை நடக்கவிட்டுத்தான் பார்க்கிறார்கள். முப்பது மீட்டர் காரிடாரில் இந்தக் கோடியில் ஓர் ஆரஞ்சுக் கூம்பு, அந்தக் கோடியில் ஒன்று. ஆறு நிமிடம் போய்த் திரும்பி, போய்த் திரும்பி நடக்க வேண்டும். எத்தனை மீட்டர் என்று நான் எழுதுவேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் கூடம் கோணல் இல்லை, நான் மண்டியிட்டு அளந்தது. ஒரு எண்ணைக்கூட நான் மாற்றி எழுதியதில்லை. விசாரணைக் குழுத் தலைவர் ஐயா இதைத் தனியாகக் கோடிட்டுக்கொள்ள வேண்டும்.

நடக்கிறவர்களோடு கண்டபடி பேசக் கூடாது என்பது விதி. நிமிடத்துக்கு ஒரு தடவை, அச்சடித்த தாளில் இருப்பதை மட்டும் சொல்லலாம். "நல்லா நடக்கிறீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு." அடுத்த நிமிடம், "அப்படியே நடங்க. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு." இப்படி ஐந்து வாக்கியங்கள். பத்தொன்பது வருடத்தில் அவற்றை எத்தனை ஆயிரம் தடவை சொன்னேனோ தெரியாது. ஆனால் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதே வாக்கியத்தை மருமகனை வாசலில் வரவேற்பதுபோலச் சொன்னால் ஆள் கூடுதலாக நடக்கிறார். லிஃப்ட் மாடி எண் சொல்வதுபோலச் சொன்னால் குறைவாக நடக்கிறார். வித்தியாசம் ஏறக்குறைய முப்பது மீட்டர்.

இதைத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். அதுவரை அந்தக் கூட்டங்களில் நான் எழுந்தது ஜன்னலைச் சாத்துவதற்கு மட்டும்தான்.

மைக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்ப்பா இஞ்சு டேப்பு," என்றார். எனக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவர்தான். "உன் வாய் வார்த்தைக்கு ரத்தக்குழாய் விரியும்னா நான் எதுக்குப்பா பதினோரு வருஷமா மாத்திரை தேடணும்? உன்னையே ரெண்டா உடைச்சுக் காலையில பாதி, ராத்திரி பாதி கொடுத்திரலாமே!"

டாக்டர்கள் சிரித்தார்கள். அவரவர் பதவி உயர்வு எவ்வளவு பக்கத்தில் இருந்ததோ அவ்வளவு சத்தமாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. பிறகு சொல்லப்போவதற்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

அறுபத்து நான்கு நோயாளிகள். பாதிப் பேருக்கு உண்மை மாத்திரை, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது, எனக்கும் தெரியக் கூடாது. அறுபத்து நான்கு உறை, மூன்று பூட்டு, இரண்டு கையெழுத்து என்று பெரிய ஏற்பாடு. மைக் அதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினார். அத்தனை பூட்டையும் ஒரு பிஸ்கட் திறந்துவிட்டது.

அந்த வகை மருந்து சாப்பிடுகிறவர்களில் பலருக்கு, எதையாவது கடித்தால் முதல் கடியில் தாடை சுண்டி இழுக்கும். இரண்டாவது கடியில் சரியாகிவிடும். மருந்தின் பக்க விளைவுகள் பட்டியலில் ஒன்பதாவது வரியில் இருக்கிறது. யாரும் ஒன்பதாவது வரி வரை படிப்பதில்லை. நடப்பதற்கு முன் காத்திருக்கும் நாற்காலியில் ஆளுக்கு ஒரு பிஸ்கட் நீட்டினேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டவர்களை மனதில் குறித்துக்கொண்டேன். முகம் சிவந்திருந்தால் சந்தேகமே இல்லை. 'இஞ்சு டேப்பு அண்ணனுக்கு எவ்வளவு நல்ல மனசு' என்று நர்ஸ் எல்லோரிடமும் சொன்னாள்.

கன்னம் பிடித்தவர்களுக்கு லிஃப்ட் குரல். பிடிக்காதவர்களுக்கு மருமகன் குரல். நான் செய்தது அவ்வளவுதான். வார்த்தைகள் எல்லாம் தாளில் உள்ளவை. பெருமூச்சு விட்டதாகச் சிலர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு மூக்கடைப்பு உண்டு.

குழுவில் இருக்கும் புள்ளியியல் அம்மா, நீங்கள் நோயாளிகளில் ஒருவரான அந்தத் தையல்காரம்மாவைப் பற்றித்தான் மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். அறுபத்து நான்கு பேரில் ஒருவரைப் பற்றி இத்தனை கேள்வி கேட்பது உங்கள் துறைக்கு அழகில்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் சொல்கிறேன்.

நாற்பத்தொரு வயது. இரண்டாவது மாடியில் ஓர் அறையில் மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவர். முதல் நாள் மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "கழுத்து சின்னதா வெட்டின சட்டையில தலையை நுழைச்ச மாதிரி இருக்கு அண்ணா" என்றார். அன்று மாத்திரை எதுவும் தொடங்கவில்லை. முந்நூற்றுப் பத்து மீட்டர்.

மூன்றாம் மாதம் வந்தார். பிஸ்கட்டைக் கடித்தார், கன்னத்தைப் பிடித்தார். "என்னன்னு தெரியல அண்ணா, முதல் கடி மட்டும் பகை" என்று சிரித்தார். அப்புறம், "இப்பக் கழுத்தைக் கொஞ்சம் பெரிசா வெட்டியிருக்காங்க போல. நேத்து ரெண்டு மாடி நிக்காம ஏறிட்டேன். துணி மூட்டையோட பின்னாடி வந்த எங்க வீட்டுக்காரர்தான் படியில உக்காந்துட்டாரு. பேசாம மாத்திரையை அவருக்குக் குடுங்க" என்றார்.

மாத்திரை வேலை செய்கிறது என்று எனக்கு அன்று தெரிந்தது. கட்டடத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான். மைக்குக்கே தெரியாது. அது ஒரு விதமான பொறுப்பு.

நடந்தார். முதல் நிமிடம் விறுவிறுவென்று போனார். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி, "நல்லா நடக்கிறீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு" என்றேன். அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். மூன்றாம் நிமிடம், "நான் ஏதும் தப்பா நடக்கறனா அண்ணா?" என்று கேட்டார். வேறு பேச்சு பேசக் கூடாது என்பது விதி. கையிலிருந்த தாளைக் காட்டினேன். அதன் பிறகு தப்பாக நடந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து, மெதுவாக நடந்தார். முந்நூற்று இருபத்திரண்டு மீட்டர். எழுதினேன். சரியான எண்.

எல்லோருடைய எண்ணும் வந்து, உறைகளைப் பிரித்தபோது, மாத்திரைக்காரர்களுக்கும் மாவுக்காரர்களுக்கும் வித்தியாசம் நான்கு மீட்டர். மருந்து பிரயோஜனமில்லை என்று முடிவாயிற்று. கம்பெனி மாத்திரையைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அன்று மைக் அறையிலிருந்து வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். பதினோரு வருடம் நான்கு மீட்டரில் முடிந்திருந்தது. மனிதருக்கு யாராவது அளவு சொல்ல வேண்டும் இல்லையா?

ஆனால் தலைக்கனம் பிடித்தவர்களைத் தோல்வி ஒன்றும் செய்வதில்லை. ஆறே மாதத்தில் 'நான்கு மீட்டர் கற்பித்த பாடம்' என்று ஒரு சொற்பொழிவைத் தயாரித்துவிட்டார். குழாய் சுருங்கும் நோய்க்கு இதுவரை நினைத்த காரணமே தவறு, மூலம் வேறெங்கோ இருக்கிறது, அதைத் தோல்வியின் துணிச்சலோடு நான் சொல்கிறேன் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். எழுந்து நின்று கைதட்டினார்கள். கேடயம் ஒன்று கொடுத்தார்கள். இடுப்பு உயரம் இருக்கும். அந்த நான்கு மீட்டர் என்னுடையது. என் குரல் அது. அதை வைத்து அவர் கொள்கை கட்டினார். இங்கே யாராவது எதையாவது திருடியிருந்தால் அவர்தான். அதனால்தான் உங்களுக்குக் கடிதம் எழுதினேன்.

தையல்காரம்மாவின் கடைசி நடையையும் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். மாத்திரை நிறுத்தி ஏழாவது வாரம், முடிவுப் பரிசோதனைக்கு வந்தார். கணுக்கால் வீங்கி, செருப்பின் வாரை அவிழ்த்துவிட்டிருந்தார். பிஸ்கட்டைத் தாடை வலிக்காமல் சாப்பிட்டார். "பகை தீந்துபோச்சு அண்ணா" என்றார். "ஆனா கழுத்தை மறுபடியும் தைச்சுட்டாங்க."

அந்த நடை எந்தக் கணக்கிலும் சேராதது. அதனால் மருமகன் குரலில் சொன்னேன். மருமகனுக்குக்கூட அப்படிச் சொன்னதில்லை. பக்கத்திலேயே நடந்து, முழு மனதோடு, நிமிடத்துக்கு நிமிடம் சொன்னேன். நான்கு தடவை சுவரைப் பிடித்து நின்றார். உதடு நீலமாகிவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர். என் குரலின் பங்கு முப்பதைக் கழித்தால் நூற்று எண்பத்திரண்டு.

நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு திரும்பிய பிறகு, "நல்லா நடக்கிறீங்கன்னு இன்னைக்குத்தான் அண்ணா எனக்குன்னு சொன்னீங்க. போன தடவையே இப்படிச் சொல்லியிருந்தா ஓடியிருப்பேன்" என்றார்.

அதைத் தாளின் ஓரத்தில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். என் கண்டுபிடிப்புக்கு நோயாளியின் வாயிலிருந்தே கிடைத்த சான்று அது. மூன்று வாரம் கழித்து அவருடைய வீட்டுக்காரர் காலி மாத்திரைப் பெட்டிகளைத் திருப்பிக் கொடுக்க வந்தார். திருப்பித் தர வேண்டும் என்று படிவத்தில் இருக்கிறதாம். "கடைசியா எவ்வளவு சார் நடந்தா?" என்று கேட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார். தெரிந்த எண்ணை மறைக்கிற பழக்கம் என்னிடம் இல்லை.

மாத்திரை சாப்பிட்ட முப்பத்திரண்டு பேரில் இன்றைக்கு ஏழு பேர் இல்லை என்று புள்ளியியல் அம்மா சொல்கிறீர்கள். இன்னொரு தடவை எண்ணிப் பாருங்கள். எண் விஷயத்தில் நான் கறார். இன்னொன்றும் சொன்னீர்கள். குரலால் தூரம் மாறும் என்பது எப்போதோ தெரிந்த சங்கதி, பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது, வாக்கியங்களை அச்சடித்து ஒரே குரலில் சொல்லச் சொன்னதே அதனால்தான் என்று. அந்தத் தாளின் பின்பக்கத்தில் அது எழுதியிருக்கிறதாம். பத்தொன்பது வருடத்தில் நான் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை. எளிய மனிதன் ஒன்றைக் கண்டுபிடித்தால் அது ஏற்கெனவே தெரியும் என்பதுதான் பெரியவர்களின் முதல் வார்த்தை. நான் பதில் சொல்லப்போவதில்லை.

ஆம், எல்லாவற்றையும் நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன். அந்த மருந்து நல்ல மருந்து. கணக்கைத் திருத்தி மறுபடி சோதிப்பீர்கள், அது கட்டுரையாக வரும். அதில் மைக்கின் பெயருக்கு முன்னால் என் பெயரைப் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பின்னால் போட்டால் போதும். அவரைப் போல எனக்குத் தலைக்கனம் கிடையாது.