ஒரு பலகையும் நாற்பத்திரண்டு நீலக் கைகளும்

இந்த மாசி வெயிலிலும் முகம் கோணாமல் அக்கிராசனம் வகிக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் வீரணன் அவர்களே! அகவையிலும் அறிவிலும் மூத்த பெரியோர்களே! நெசவுத் தெருவிலிருந்தும் பள்ளிவாசல் தெருவிலிருந்தும் வண்டிப்பேட்டைத் தெருவிலிருந்தும் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! அவர்கள் மடியில் அடங்காமல் மேடைக்கடியில் தவழ்ந்து திரியும், இக்கூட்டத்தின் உண்மையான தலைவர்களே! உங்கள் அனைவருக்கும் சாயக்கார ஹரிராமின் சிரம் தாழ்ந்த வணக்கம்.

எனக்குப் பின்னால் துணி போர்த்திய மூன்று பலகைகள் நிற்கின்றன. நம் பாலர் பள்ளிக்குச் சூட்ட மூன்று தெருக்காரரும் எழுதி வந்திருக்கும் மூன்று பெயர்கள். எட்டு மாதமாகப் பேசியும் பெயர் முடிவாகவில்லை. இன்றும் முடிவாகாவிட்டால்? தெருவுக்கொரு பங்காகப் பள்ளிக் கொட்டகையைத் தடுத்துக்கொள்வது என்று போன கூட்டத்தில் தீர்மானம் போட்டுவிட்டோம். ஐந்து வயது நிரம்பாத நாற்பத்திரண்டு பிஞ்சுகளுக்கு நடுவே இரண்டு சுவர்! அதை முன்மொழிந்த மகானுபாவர் யார்? என்னம்மா, அங்கே சிரிப்பு? ஆம், அடியேனேதான்.

அந்தக் கொட்டகை என் தகப்பனாரின் பழைய அவுரி நீலச் சாயப்பட்டறை. "எங்க சாயம் ஒருநாளும் போகாது" என்று மூன்று தலைமுறையாக மார்தட்டிய குடும்பம் எங்களுடையது. பிள்ளைகள் வந்தார்கள், சுவரைத் தொட்டார்கள், தொட்ட கையெல்லாம் நீலமாயிற்று! வண்டிப்பேட்டை ஒச்சாயி அம்மாள் என்னை நடுத்தெருவில் நிறுத்தினார்கள். "எம் மகன் தொட்ட சோறெல்லாம் நீலமா இருக்கேண்ணே, இம்புட்டுச் சாயத்தை எதைப் போட்டுக் கழுவ?" என்றார்கள். துணியில் ஏறிய சாயந்தான் போகாது, சுவரில் தெறித்த சாயத்துக்கு நான் ஜவாப்தாரியல்ல என்று சமாளித்துப் பார்த்தேன். விடுவார்களா? சுண்ணாம்பு அடித்தேன். ஒரே வாரத்தில் நீலம் எட்டிப் பார்த்தது. மறுபடி அடித்தேன், மறுபடி பார்த்தது. மூன்றாம் முறையும் அடித்துத் தோற்றேன். சாயக்காரன் தன் சாயத்திடமே தோற்ற வெட்கக்கேடு மதுரையில் வேறெங்கே நடக்கும்?

அந்தத் தீர்மானம் போட்ட பிறகு வந்த தைப்பூசத்தன்று காலையில் வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு, நம் பள்ளிக்கே போகும் என் மூன்றரை வயது மகள் வசுந்தராவைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். தெப்பம் நகர்ந்தது. கரையெல்லாம் கோஷம். ஆயிரம் கைகளோடு நானும் வடத்தைப் பிடித்தேன். மகாஜனங்களே, வடத்தைப் பிடிப்பதற்காக என் மகளின் கையை விட்டுவிட்டேன்! திரும்பிப் பார்த்தேன். குழந்தை இல்லை.

நான்கு கரையும் ஓடினேன். பெயர் சொல்லிக் கத்தினேன். அந்தக் குளத்துத் தண்ணீரைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவளோ எங்கள் வீட்டுச் சௌராஷ்டிர மொழியில் அழுகிறாள். சுற்றி நின்றவர்களுக்கு அது புரியவில்லை. "யார் பெத்த புள்ளம்மா நீ? எந்தத் தெரு?" என்று கேட்கிறார்கள், அவளுக்கு அது புரிந்தும் பதில் வரவில்லை. ஏட்டு ஒருவர் அவளை ஸ்டேஷனுக்குத் தூக்கிப்போகப் பார்த்தாராம்.

பூட்டுக்கடை அப்துல் வஹீது பாயை அறியாதவர் இங்கே யார்? எட்டு மாதக் கூட்டங்களில் நான் ஆம் என்றால் அவர் இல்லை என்பார். அவர் இல்லை என்றால் நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுவேன். அன்று அவர் குளக்கரையில் தகர விளையாட்டுச் சாமான் கடை போட்டிருந்தார். என் மகளை அவர் அதற்குமுன் கண்டதில்லை. அழுத குழந்தையின் உள்ளங்கையை விரித்துப் பார்த்திருக்கிறார்.

"ஏட்டய்யா, இது எங்க பள்ளிக்கூடத்துப் புள்ள. கையைப் பாருங்க. எம் மக சபியா கையும் இப்படித்தான் இருக்கு. எங்க டீச்சரம்மா வீட்டுல விட்டா தாய் தகப்பன் வந்துருவாங்க."

வியாபாரம் கொழிக்கும் வேளையில் கடையை மூடிவிட்டுக் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு அன்னக்கொடி டீச்சர் வீட்டுக்கு நடந்திருக்கிறார். ஏட்டு சொல்லி நான் விழுந்தடித்து ஓடிப்போய்ப் பார்த்தால், சபியாவும் வசுந்தராவும் ஒரே தகர ஊதலை மாற்றி மாற்றி ஊதிக்கொண்டிருக்கிறார்கள். நான் அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"எம் மகள்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க பாய்?" என்று கேட்டேன்.

"ஒங்க மகள்னு எனக்கு எங்கண்ணே தெரியும்? தெரிஞ்சிருந்தா ஒங்களைத் தேடி வந்து நாலு வார்த்தை சண்டை போட்டுட்டுக் கொடுத்திருப்பேன். நம்ம புள்ளைன்னு மட்டுந்தான் தெரிஞ்சது" என்றார்.

நம்ம புள்ளை! எட்டு மாதம் நாம் தொண்டை வறளத் தேடியது இந்தச் சொல்லைத்தானே? எந்தத் தீர்மானம் தந்தது இதை? எந்தப் பெயர்ப்பலகை தந்தது? நான் மூன்று முறை சுண்ணாம்பு பூசி மறைக்கப் பார்த்த சுவர் தந்தது! நாம் பெயருக்காக அடித்துக்கொண்டிருந்தபோது, நம் பிள்ளைகள் ஓசையில்லாமல் தங்கள் அடையாளத்தை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்கள்.

இதோ, என் பலகையின் துணியை விலக்குகிறேன். "பேரு எங்கண்ணே?" என்று கேட்கிறீர்களா? என் தகப்பனார் பெயர் இருந்தது. நேற்று இழைப்புளி பிடித்து நானே சீவி எடுத்தேன். மனம் கேட்கவில்லைதான். ஆனால் அவர் பெயர் மேலா, அவர் பேத்தி மேலா? இந்த வெறும் பலகையில் எழுத்து வேண்டாம். எழுத்தறியாத தாயும் தூரத்திலிருந்தே கண்டுகொள்ள, நாற்பத்திரண்டு நீலக் கைகள் பதியட்டும்!

அதோ, வஹீது பாய் எழுந்துவிட்டார். வழக்கம்போல மறுக்கத்தானே? என்ன பாய்? "பேரை மட்டும் சீவுனாப் போதுமா, அந்தச் சுவர்த் தீர்மானத்தையும் கிழிங்கண்ணே" என்கிறார். தம் பலகையையும் திருப்பி வைக்கிறார்! ஒச்சாயி அம்மாள் என்ன சொல்கிறார்கள்? "எங்க பலகையில கால் அடிச்சுப் புள்ளைக உக்கார மணை ஆக்கிருங்க." கேட்டீர்களா சபையோரே!

தலைவர் அவர்கள் தலையசைத்துவிட்டார்கள். தீர்மானத்தைக் கிழித்துவிட்டேன். தட்டில் அவுரி கரைத்து வைத்திருக்கிறது. தாய்மார்களே, பிள்ளைகளை மேடைக்கு அனுப்புங்கள். சபியா, நீ முதலில் வா அம்மா. வசுந்தரா, அவள் கையைப் பிடித்துக்கொள், விட்டுவிடாதே.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும் பெற்றெடுத்த தாய்மார்க்கும், என் பிள்ளையை நம் பிள்ளையாக்கிய பாய் அவர்களுக்கும், தலைமுறை தலைமுறையாய் நீலம் ஊறிய இந்தக் கைகளைக் கூப்பி நன்றி சொல்கிறேன். வணக்கம்.