சாம்பல் சங்கத்தில் விடை கிடைக்காத படம்

சுருட்டைப் பற்ற வைத்த உடனே இழுக்கக் கூடாது. பலரும் அங்கேதான் தவறுகிறார்கள். நுனி முழுவதும் ஒரே சீராகக் கனிகிறதா என்று பார்த்து, கொஞ்சம் பொறுத்து, பிறகுதான் முதல் புகை. அவசரப்பட்டால் ஒரு பக்கம் மட்டும் எரிந்துகொண்டே போகும், கடைசி வரை கசக்கும். மஸ்கட்டில் என் மேலாளர் சொல்லிக் கொடுத்தது இது. கோபத்தில் செய்தீர்களா என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள், மேடம். இல்லை. நான் எதிலும் அவசரப்படுகிறவன் அல்ல.

என் பெயர் சுந்தர்சிங். மஸ்கட்டில் ஒரு ஹோட்டலில் ஸ்டோர் பார்த்துவிட்டு ஊர் திரும்பி, இராஜாக்கமங்கலம் போகிற சாலையில் வீடு கட்டிக்கொண்டேன். பிள்ளைகள் இல்லை. என் மனைவி ராகேல் பள்ளிக்கூட டீச்சர். நான் திரும்பி வந்த மறு வருஷமே அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் போயிற்று, பேச்சும் குழறிவிட்டது. அதன் பிறகு குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கையில் புரட்டிப் போடுவது எல்லாம் நான்தான். ஹோம் நர்ஸ் வைத்துப் பார்த்தோம், யாரும் நிலைக்கவில்லை. சபையில் என்னைப் பற்றி நல்லபடியாகவே பேசுவார்கள். போதகர் ஒருமுறை பிரசங்கத்திலேயே என் பெயரைச் சொன்னார். ராகேல் முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்தாள். எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள்.

எனக்கென்று இருந்தது சனிக்கிழமை மாலை மட்டும். சுருட்டுப் பிரியர்கள் சிலர் சேர்ந்து வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். நல்ல சுருட்டின் சாம்பல் உதிராமல் விரல் நீளத்துக்கு நிற்கும், அதனால் சாம்பல் சங்கம் என்று பெயர். குவைத்தில் இருக்கும் ஜெனோதான் அட்மின். வாரம் முழுக்க யார் என்ன சுருட்டு பிடித்தார்கள், சுருட்டு வைக்கும் பெட்டியில் ஈரம் எப்படி இருக்கிறது என்று பேசுவோம். சனிக்கிழமை மாலையில் படம் கண்டுபிடிக்கும் விளையாட்டு. ஒருவர் ஏதாவது ஒரு படத்தில் வரும் காட்சியை நாலைந்து வரியில் எழுதிப் போடுவார். நடிகர் பெயர் சொல்லக் கூடாது, நெட்டில் தேடக் கூடாது. முதலில் கண்டுபிடிக்கிறவர் அடுத்த குறிப்பைப் போடலாம். தமிழும் உண்டு, மலையாளமும் உண்டு. எல்லையோரத்தில் இருக்கும் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு மலையாளப் படம் வெளியூர்ப் படம் அல்ல.

நான் மொட்டை மாடியில் நாற்காலி போட்டு, சுருட்டும் போனுமாக உட்காருவேன். கீழே ராகேலின் இடது கைப் பக்கம் ஒரு மணி வைத்திருந்தேன். அது அடித்தால் இறங்கிப் போவேன். தண்ணீர் கேட்பாள், இல்லையென்றால் தலையணை நழுவியிருக்கும், சில நேரம் ஒன்றுமே இருக்காது, என் முகத்தைப் பார்த்து ஏதோ குழறுவாள். திரும்பி மேலே வரும்போது விடையை வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். சுருட்டும் அணைந்திருக்கும். அணைந்த சுருட்டை மறுபடி பற்ற வைத்தால் கசக்கும் என்பது சுருட்டு பிடிக்கிறவர்களுக்குத் தெரியும்.

சங்கத்தில் எனக்குப் பக்கத்தில் இருக்கிற ஆள் முத்துநாயகம் அண்ணாச்சி ஒருவர்தான். கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். மகள் ரெஜிலா திருவனந்தபுரத்தில் வேலையில் இருப்பதால் நாகர்கோவில் வீட்டில் தனியாக இருந்தார். அடிக்கடி என் வீட்டுக்கு வருவார். வந்தால் நேரே மாடிக்கு வர மாட்டார். ராகேலின் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். அவள் குழறுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பார். என்னைவிட அவருக்கு அது புரிந்தது. எனக்கு அதற்குள் காது மரத்துப்போயிருந்தது.

போன வருஷம் ஐப்பசியில் ராகேல் இறந்தாள். வீட்டுக்குப் பின்னால் குளம். மாலையில் காற்று வாங்க அவளைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போவது வழக்கம். அன்று குளம் நிறைந்து கிடந்தது. நான் சால்வை எடுக்க வீட்டுக்குள் போன நேரத்தில், மாடுகளை இறக்கும் சரிவில் நாற்காலி உருண்டு தண்ணீருக்குள் போய்விட்டது. உங்கள் ஸ்டேஷனில் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். அண்ணாச்சிதான் அடக்கம் வரை கூடவே நின்றார். அந்தச் சனிக்கிழமை ராகேலுக்காகச் சங்கத்தில் விளையாட்டை நிறுத்தி வைத்தார்கள். அடுத்த சனிக்கிழமை நான் மாடிக்குப் போனேன். மணி அடிக்கவில்லை. அடுத்தடுத்து சரியான விடை சொல்லிக்கொண்டே இருந்தேன். ஜெனோகூடப் பாராட்டினான்.

அதன் பிறகு ஒரு வருஷம் அமைதியாகப் போயிற்று. நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல வருஷமாகத் தூங்காதவன்.

இந்த ஐப்பசி பிறந்ததும் ஒரு சனிக்கிழமை அண்ணாச்சி குறிப்பு போட்டார்.

"ஒரு குளக்கரை. சக்கர நாற்காலியில் ஒரு பெண். கணவன் இந்தா வருகிறேன் என்று போயிருக்கிறான். நாற்காலி உருளுகிறது. யாரும் பார்க்கவில்லை என்று ஊர் நினைக்கிறது. அக்கரையிலிருந்து ஒருவன் பார்த்தான். எந்தப் படம்?"

யாருக்கும் தெரியவில்லை. ஜெனோ இன்னொரு குறிப்பு கேட்டான். அண்ணாச்சி ஒரே வரி போட்டார்: "சுந்தர்சிங்குக்குத் தெரியும்."

என் சுருட்டுச் சாம்பல் முறிந்து இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் விழுந்தது. துணி பொசுங்குகிற வாசனை வந்த பிறகுதான் பார்த்தேன்.

எனக்கு விடை தெரியும், மேடம். ஆனால் அது படம் அல்ல. சால்வை எடுக்க உள்ளே போனது உண்மை. போவதற்கு முன்னால் நாற்காலியின் பிரேக்கை எடுத்துவிட்டேன். தள்ளவில்லை. சரிவு அது. அலமாரியில் சால்வையை மடித்து வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்து, அதையும் உதறிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அவளும் அலுத்துப்போயிருப்பாள் என்று நினைத்தேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்வது எனக்குப் புரிந்திருக்காது.

அக்கரையில் தென்னந்தோப்பு. பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் அந்த வழியாகவும் எங்கள் வீட்டுக்கு வரலாம். அண்ணாச்சி அப்படித்தான் வருவார். அன்றும் வந்து நின்றிருக்கலாம். ஒரு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, இப்போது எல்லோர் முன்னாலும் விளையாட்டாகப் போட்டு என்னை அளந்து பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் போன் செய்தேன்.

"அண்ணாச்சி, அந்தப் படம் என்னன்னு சொல்லப்பிடாதா?"

"சொன்னா பொறவு வெளையாட்டு எதுக்கு மக்கா? நல்லா யோசி. நீ பாத்ததுதான்."

"நான் பாத்ததா?"

"பின்னே? உனக்காவத்தான் போட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழம நேர்ல வா, பேசுவோம்."

அந்த வாரம் முழுவதும் நான் சுருட்டே பற்ற வைக்கவில்லை. அவர் யாரிடமாவது சொல்லிவிடுவார் என்ற பயம் மட்டும் அல்ல. மறுபடியும் கீழே ஒரு மணி இருக்கிறது, அது எந்த நேரமும் அடிக்கும் என்கிற மாதிரி இருந்தது. அதை இன்னொரு முறை என்னால் தாங்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவரை என் காரில் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். கடலுக்குள் கருங்கல் போட்டுத் தூண்டில் வளைவு கட்டியிருக்கிறார்களே, அதன் மேல் நடந்து போய் உட்கார்ந்து சுருட்டு பிடிப்பது எங்களுக்குப் பழக்கம்தான். அன்று கடல் சீற்றம் என்று அறிவித்திருந்தார்கள். வள்ளங்களை எல்லாம் மேலே ஏற்றிப் போட்டிருந்தார்கள். கரையில் ஆள் இல்லை.

"இண்ணைக்கு வேண்டாமே மக்கா, அல கூடுதலா கெடக்கு" என்றார்.

"கொஞ்ச நேரம் அண்ணாச்சி. மனசு சரியில்ல" என்றேன்.

அதைக் கேட்டதும் வந்துவிட்டார். மலைப் பக்கத்து ஆள், நீச்சல் தெரியாது. முழங்கால் வேறு வலி. என் கையைப் பிடித்துக்கொண்டே கல் கல்லாகத் தாண்டினார். காற்றில் எனக்குத் தீ நிற்கவில்லை. தன் இரண்டு உள்ளங்கையையும் குவித்து மறைத்துப் பிடித்து என் சுருட்டை அவர்தான் பற்ற வைத்துக் கொடுத்தார்.

பிறகு சொன்னார்: "ராகேலு போயி வருசம் ஆகப்போவுது. மனசுல எதாவது கெடந்தா எங்கிட்ட சொல்லு மக்கா. உள்ளயே வச்சிட்டு இருக்கப்பிடாது."

இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

"அந்தப் படத்துல, அக்கரையில நின்னு பாத்தவன் பொறவு என்ன செய்வான்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அதுதானே மக்கா படமே."

எழுந்து திரும்பினோம். பழையபடி என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு பெரிய அலை ஏறி வந்தது. கல் நனைந்து வழுக்கியது. அவர் சாய்ந்தபோது நான் கையை எடுத்துக்கொண்டேன். அவர் என் சட்டையைப் பற்றினார். அந்த விரல்களையும் நான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. "மக்கா" என்றார். திட்டுகிற மாதிரி இல்லை. எனக்கு அடிபட்டுவிடப் போகிறது என்று பதறுகிற மாதிரி இருந்தது. இரண்டாவது அலைக்குப் பிறகு அவரைக் காணவில்லை. பாதி எரிந்த சுருட்டைக் கடலில் போட்டுவிட்டு, கத்திக்கொண்டே ஊருக்குள் ஓடினேன்.

மறுநாள் உடல் கரை ஒதுங்கியது. எல்லோரும் எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். மனைவியையும் தண்ணீரில் விட்டு, நண்பரையும் விட்டானே என்று சபையில் பெண்கள் அழுதார்கள்.

காரியம் எல்லாம் முடிந்து ரெஜிலா என்னைப் பார்க்க வந்தாள். அவள் அப்பா உட்காரும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"அப்பா கடைசியா போட்ட படத்த நீங்க கண்டுபிடிச்சியளா அங்கிள்?"

"இல்ல மோளே."

"அது ராகேல் ஆன்ட்டிக்குப் பிடிச்ச படமாம். கல்யாணம் ஆன புதுசுல நீங்க ரெண்டு பேரும் பாறசாலை தியேட்டருக்குப் போயி பாத்தியளாமே? ஆன்ட்டி அப்பாகிட்ட அந்தக் கதைய அடிக்கடி சொல்லுவாவளாம். ஆன்ட்டி நினைவு நாள் வருது, அங்கிள் அதக் கண்டுபிடிச்சா கொஞ்சம் சிரிப்பாவன்னுதான் போட்டேன்னு எங்கிட்ட சொன்னாவ. குளமும் நாற்காலியும் வருதே, அங்கிளுக்கு வெசனம் ஆகாதான்னு நான்கூட கேட்டேன். அதுல அவ பொழச்சுக்கிடுவாடி, ஒருத்தன் வந்து காப்பாத்துவான், அத நினைச்சா அவனுக்கும் ஆறுதலா இருக்கும்னு சொன்னாவ."

அவளே போனில் அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தாள். பழைய மலையாளப் படம். கணவன் தாமரைப் பூ வாங்கப் போகிறான். நாற்காலியின் சக்கரம் தானாக நழுவுகிறது. அக்கரையில் வாத்து மேய்க்கிற ஒருவன் பார்க்கிறான், உடனே குதிக்கிறான், அவளை இழுத்துக் கரையில் போட்டுவிட்டு, கூச்சப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போய்விடுகிறான். மாதா காப்பாற்றினாள் என்று ஊர் நினைக்கிறது. அவ்வளவுதான் கதை. நான் முழுவதையும் பார்த்தேன். எனக்கு அந்தத் தியேட்டரும் நினைவில்லை, படமும் நினைவில்லை. அன்று ராகேல் என் தோளில் சாய்ந்து அழுதாளாம். அதுவும் நினைவில்லை.

போகும்போது ரெஜிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசி வரைக்கும் அப்பாவுக்க கையப் பிடிச்சிட்டுதானே இருந்தீங்க. எனக்கு அது போதும் அங்கிள்" என்றாள்.

அது சரியில்லை, மேடம். அவளை அப்படி நினைத்துக்கொண்டு போக விட எனக்கு மனம் வரவில்லை. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் ஆட்டோ பிடித்து உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். களைப்பும் ஒரு காரணம். சொல்லிவிட்டால் நிம்மதியாகப் படுக்கலாம் என்று இருந்தது.

எழுதிக்கொள்ளுங்கள். ராகேலின் நாற்காலி பிரேக்கை எடுத்துவிட்டது நான். முத்துநாயகம் அண்ணாச்சியைக் கடலில் விட்டதும் நான். இரண்டுக்கும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்றைச் சேர்த்து எழுதினால்தான் முழு விவரம் ஆகும். அண்ணாச்சி "ஒருவன் பார்த்தான்" என்று எழுதி அங்கேயே நிறுத்திவிட்டார். குதித்தான் என்று இன்னும் ஒரே ஒரு வார்த்தை போட்டிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும், அவரும் இன்று உயிரோடு இருந்திருப்பார். இங்கே வருவதற்கு முன்னால் சங்கத்திலும் அதைத்தான் போட்டேன். குறிப்பு எழுதுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.