நடுச்சுவர்

இல்ல மேடம், நாற்காலியெல்லாம் வேண்டாம், நின்னுக்கிட்டே பேசுவோம். நீங்களும் அந்த மேஜையை விட்டு இப்படி ஓரமா வாங்களேன். சும்மாதான். இங்க காத்து வருது பாருங்க.

சோதனையா? அதெல்லாம் ஒண்ணுமில்ல. இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன், எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு. நான் சீர்படுத்திக் குடுத்த கட்டடமாச்சே, பொண்ணைக் கட்டிக் குடுத்த வீடு மாதிரி. நூலகம் திறந்து மூணு வருஷம் இருக்குமில்ல? ஆமா, அந்தக் கதவு ஏன் பாதியில நிக்குது? மூட வரலையா? எப்பலேர்ந்து? செவ்வாய்க்கிழமையா... மழைக்கு மரம் ஊதியிருக்கும்னு தச்சர் சொன்னாரா. சொல்லுவாரு, சொல்லுவாரு. மழை பெஞ்சு ரெண்டு மாசமாச்சே மேடம்.

இருபத்தாறு வருஷமா எனக்கு இதே பொழப்பு. பழைய கட்டடத்துக்கு வைத்தியம் சொல்றது. கட்டின வீட்டுக்குப் பழுது சொல்ல ஆயிரம் பேரு இருக்காங்க, அதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆளு என் வீட்டுக்காரர்தான்னு என் சம்சாரம் போறவங்க வர்றவங்க கிட்டல்லாம் சொல்லிச் சிரிப்பா. சிரிக்கட்டும்.

ஆனா எங்க தொழில்ல ஒரு கிறுக்கு உண்டு. முதல்ல கட்டினவன் போட்ட வரைபடம்தான் வேதம். அதுக்கப்புறம் எவனாவது ஒரு தூண் நட்டாலோ, தடுப்பு வச்சாலோ எங்களுக்குக் கண்ணு உறுத்தும். எடுத்தாத்தான் தூக்கம் வரும். இந்தக் கூடத்துக்கு நடுவுலயும் ஒரு சுவர் இருந்துச்சு, நீங்க வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி. தரையிலேர்ந்து உத்தரம் வரைக்கும், பூச்சுகூட இல்லாம, அசிங்கமா. எந்தப் பைத்தியக்காரன் கட்டினான்னு சிரிச்சேன். இடிச்சேன். வெளிச்சம் வந்துச்சு, விருதும் வந்துச்சு.

மேஜையில என்ன வெள்ளையா? தொடைக்காதீங்க, இருங்க... சுண்ணாம்பு. தினமும் விழுதா? ஆயாம்மா காலையிலயே பெருக்கிடறாங்களா. அடடா, அதான் யார் கண்ணுலயும் படல.

மாடியில என்ன வச்சிருக்கீங்க? பழைய பத்திரிகைக் கட்டா. எத்தனை அலமாரி? பதினெட்டா! ஐயோ, யாரைக் கேட்டு... இல்ல, இல்ல, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. உங்களுக்கு யாரு சொன்னா? நான்ல சொல்லியிருக்கணும்.

மணி என்ன? மூணு நாப்பதா. பிள்ளைங்க நாலு மணிக்குத்தானே வருவாங்க? நாப்பது பேரா... காவலாளிக்குப் போன் போடுங்க. வெளிகேட்டைப் பூட்டச் சொல்லுங்க, ஒருத்தரையும் உள்ள விட வேண்டாம். மாடியில யாரும் இல்லையே? நிச்சயமா? ஆயாம்மா? வீட்டுக்குப் போயாச்சா, சரி. காரணம் கேட்டா குழாய் உடைஞ்சிருச்சுன்னு... வேண்டாம். பொய் சொன்ன வரைக்கும் போதும். உத்தரம் விரிஞ்சிருச்சுன்னே சொல்லுங்க. மேல பாருங்க, அந்த ஓரத்துல. வாசகர் கூட்டத்துப் படம் அனுப்பினீங்கல்ல, அதுல மயிரிழையாத் தெரிஞ்சுது. பாத்ததும் பதறிப்போய்தான் ஓடி வந்தேன். இப்பப் பாத்தா விரலே போகும்போல இருக்கு.

ஆமா மேடம், அந்தச் சுவர்தான் முட்டு. அறுபது வருஷத்துக்கு முன்னாடி இதே உத்தரம் விட்டுப்போச்சு, ஒரு கொத்தனார் கீழேர்ந்து சுவர் எழுப்பித் தாங்கிப் பிடிச்சிருக்காரு. இதை எடுத்துறாதீங்கய்யான்னு ஒரு கடிதமும் எழுதிக் கோப்புல வச்சிருக்காரு, மனுஷன்.

நடங்க, பேசிக்கிட்டே போயிருவோம். நீங்க முன்னால போங்க. சுவரோரமாவே, அவசரப்படாம. பையை விடுங்கம்மா, பை போனாப் போகுது!

கடிதமா? என்கிட்டதான் இருக்கு. இப்பக் கிடைச்சுதுன்னா நினைச்சீங்க? சுவரை இடிக்கிற அன்னிக்குக் காலையிலயே படிச்சுட்டேன். ஆளுங்க சம்மட்டியோட நிக்கிறாங்க, திறப்பு விழாவுக்குத் தேதி குறிச்சாச்சு. படிச்சேன், மடிச்சுச் சட்டைப்பையில வச்சேன், ம், இடிங்கன்னேன்.