டோடா ஊற்றிய தண்ணீர்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, பாறையோடு பிறந்து பாறையாகவே நிற்கும் மிர்தித்தா மலைக்குடிப் பெரியோர்களே, என்னைவிட அழகாக இந்தக் கதையைச் சொல்லத் தெரிந்த தாய்மார்களே, ராக்கிச் சாராயக் கிண்ணத்தைக் கீழே வைக்க மனம் வராத தம்பிமார்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நம் மலைநாட்டு மொழியில் எழுதப்பட்டு நம் கைக்கு எட்டிய மிகப் பழைய வாக்கியம் எது? மன்னன் விடுத்த ஆணையா? மாவீரன் முழங்கிய சூளுரையா? இல்லை. சாகக்கிடக்கும் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றிச் சொல்ல வேண்டிய ஒற்றை வரி. 'பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்.' கோயிலுக்குத் தூக்கிவர வழியில்லாத பிள்ளைகளுக்காக, லத்தீன் எழுத்துக்கு நடுவே ஒரு பேராயர் அதை நம் பேச்சிலேயே எழுதிவைத்தார்.

அந்த வரி என் முன்னோர் வீட்டுக்குள் நுழைந்த கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

பனி கணவாயை மூடிவிட்ட ஒரு காலை. பிரெங்க் வீட்டில் பிறந்த பிள்ளை நீலம் பாரித்துக் கிடக்கிறது. சாமியார் வர வழியில்லை. வரியோ பிரெங்குக்கு மனப்பாடம். ஆனால் நம் வழக்கம் என்ன? தண்ணீர் ஊற்றியவன் ஞானத்தகப்பன், பெற்றவளுக்கு உடன்பிறப்பு. தானே ஊற்றினால் பெண்டாட்டி தங்கையாகிவிடுவாளே என்று பின்வாங்கினான் அவன். அவள் ஊற்றினாலும் அதே கதி என்று நினைத்தார்கள்.

வீட்டில் வேறு ஆள் இல்லை. வெளியே இருந்தான் ஓர் ஆள். பாறை மறைவில், வாளோடு, பிரெங்கின் தலைக்காகக் காத்திருந்த டோடா. அவனுடைய அண்ணனைக் கொன்றவன் பிரெங்க்.

பகையிலும் பெண்ணைத் தொடமாட்டார்கள் அல்லவா? பச்சை உடம்போடு, பிள்ளையை ஏந்திக்கொண்டு பனியில் இறங்கினாள் மனைவி திலா.

"டோடா, இவனுக்குத் தண்ணி ஊத்து."

"உன் புருஷன வெளிய அனுப்பு. எனக்கு அவன் ரத்தம் வேணும்."

"அவரு எங்க ஓடிப்போறாரு? பிள்ளதான் போயிட்டிருக்கான்."

"ஊத்திட்டா உனக்கு நான் அண்ணன். அப்புறம் அவன எப்படித் தொடுறது? விவரமாத்தான் வந்திருக்க."

"ஆமா, விவரமாத்தான் வந்திருக்கேன். ஊத்து."

முன்வரிசைத் தாய்மார்களே, அதற்குள் கண்ணைத் துடைக்காதீர்கள். கதை முடியவில்லை. வாளைப் பனியில் குத்தினான் டோடா. ஊற்றினான். அந்த வரியை நம் மொழியில் சொன்னான். பிள்ளை வீறிட்டு அழுதது.

பனி உருகியது. சாமியார் வந்தார். டோடாவையும் அழைத்து வைத்துக்கொண்டு நடந்ததைக் கேட்டவர், தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடப் பாவிகளா, உயிர் போற நேரத்துல பெத்தவங்களே ஊத்தலாம்னுதானே பேராயர் எழுதிக் குடுத்தாரு? அதுக்கெல்லாம் கல்யாணம் முறியாதே."

பிரெங்கின் கண் கதவைத் தேடியது. டோடாவின் கை வாளைத் தேடியது. ஏமாந்துவிட்டானே! இல்லாத ஒரு தடைக்காக அண்ணன் ரத்தத்தையே விட்டுக்கொடுத்துவிட்டானே!

டோடா பிள்ளையைப் பார்த்தான்.

"லத்தீன்ல சொல்லியிருந்தா, என்ன சொன்னேன்னே தெரியாதுன்னு தப்பிச்சிருப்பேன் சாமி. என் பாஷையிலயில்ல சொல்லித் தொலைச்சேன்."

வாளிலிருந்து கையை எடுத்தான். அடுப்படிக்குப் போனான். பிரெங்கைப் பார்த்துச் சொன்னான்:

"தள்ளி உக்காரு மச்சான். குளிருது."

பெரியோர்களே, அந்தப் பிள்ளையின் வழிவந்தவன்தான் உங்கள் முன் நிற்கிறேன். தன் மொழியில் சொன்னதை மறுக்க ஒருவனுக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எனக்கு இன்று பேச ஒரு வாய் இருக்கிறது. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. இடப்பக்கம் அமர்ந்திருக்கும் டோடா வீட்டு மாமன்மார்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.