மரம் ஆறுற சத்தம்

…கத்திரியத் தூர வைங்க தம்பி, பேச்சு பேச்சா இருக்கட்டும். என் மச்சான் போன்ல உங்ககிட்ட என்ன சொன்னான்? அக்கா வீட்டுக்காரர் தாடி மாட்டிக்கிச்சு, சலூனைப் பூட்டிட்டு வந்து வெட்டி விடுங்கன்னானா? அவனுக்கென்ன... மழுமழுன்னு சிரைச்ச மூஞ்சி. தாடியோட அருமை அவனுக்கு எங்க தெரியும்?

குனிஞ்சே பேசுறேன்னு தப்பா நினைக்காதீங்க. தலையத் தூக்க முடியல. தாடியில முக்கால்வாசி பலகைக்கும் அச்சுக்கும் நடுவுல. உங்க செருப்பு மட்டுந்தான் தெரியுது.

இதென்ன சாதாரணப் பலகையா? நீச்சல்குளத்துக்குக் கூரைங்க! இந்தச் செவுத்துலேருந்து அந்தச் செவுறு வரைக்கும் ஒரே வளைவு. ஆவிப் பெட்டியில வேக வச்சு எடுத்தா, ஈரத்துணி மாதிரி துவளும். கொஞ்ச நேரந்தான். அதுக்குள்ள அச்சுல வச்சு வளைச்சு, கிளாம்பு போட்டு முறுக்கிடணும். அப்புறம் நல்லா ஆறுற வரைக்கும் கை வைக்கக்கூடாது. வச்சா பலகை நிமிர்ந்துக்கும், மொத்தக் கூரையும் கோணல்.

இருந்தாலும்... உயிர் போகுதுடா, ஒண்ணே ஒண்ணக் கழட்டுங்கடான்னு பட்டறைப் பசங்ககிட்ட கேட்டேன். ஒருத்தன் அசையணுமே! செவுத்துல இருக்கிற போர்டைக் காட்டுறானுங்க. படிச்சீங்களா? ‘ஆறாத பலகையில் கிளாம்பைக் கழட்டக்கூடாது. முதலாளியே கெஞ்சினாலும் கூடாது.’ எந்த முட்டாள் எழுதினான்னு கேக்குறீங்களா... நான்தான். மச்சானை மனசுல வச்சு எழுதினேன். அவனும் பாதி முதலாளி பாருங்க, சரியான அவசரக்குடுக்கை.

கிச் கிச்னு ஏதோ கேக்குதுல்ல? பயப்படாதீங்க, மரம் ஆறும்போது அப்படித்தான் சத்தம் போடும். எத்தனை வருஷமாக் கேக்குறேன்... எனக்குத் தெரியாதா.

யார் முறுக்கினதா? அது... கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டேனா, பலகை ஒட்டியிருக்கான்னு கிட்டக் குனிஞ்சு பார்த்து, நல்லா ஒரு முறுக்கு... சரி, அதுவும் நான்தான். இப்ப அதுவா முக்கியம்?

ஒரு உண்மையச் சொல்றேன், வெளிய விட்டுராதீங்க. எனக்கு மோவாயே கிடையாது தம்பி. கீழுதடு, அதுக்கப்புறம் நேரா கழுத்து. கல்யாணத்தன்னிக்கும் இந்தத் தாடிதான். என் வீட்டுக்காரி இன்னிக்கு வரைக்கும் என் முழு மூஞ்சியப் பார்த்ததில்ல. இப்ப சாப்பாடு கொண்டு வந்துருவா. அவ முன்னாடி மொட்டை மூஞ்சியோட நிக்க பயமா இருக்கு. அதனால, மரம் ஆறுற வரைக்கும் இப்படியே பேசிக்கிட்டிருப்போம். நாளை மறுநாள் ஆறிடும்.

தம்பி?... செருப்பைக் காணோமே. எங்க போய்... அட, தலை நிமிருதே!

ஐயையோ. அச்சுல தொங்குறது... என்னோடதா?

வந்துட்டியா... சாப்பாட்டை இப்படி வை. என்ன முழிக்கிற? யாரைத் தேடுற? என்னது... உன் வீட்டுக்காரர் வந்தா சாப்பாடு ஆறுதுன்னு சொல்லணுமா? ஏய், நில்லு... யாரைடி அண்ணேங்குற?