ஃபிலிம் எகிறுற எடம்

இல்ல சார், அவுருக்கு நல்லா காது கேக்கும். பேச்சுதான் பூடுச்சு. வலது கையும் காலும் வராது, வாயி கோணிகிச்சு. ஆனா பாம்புச் செவி. நீங்க வாசல் கேட்டத் தொறந்தப்பவே தலையத் திருப்பிட்டாரு. வணக்கம் சொல்லுங்க, புரிஞ்சுக்குவாரு. தோ, இடது கையக் கொஞ்சம் தூக்குறாரு பாருங்க, அதான் அவுரு வணக்கம்.

அந்தச் சேர் வேணாம், கால் ஆடும். இப்டி அவுருக்கு எதுத்தாப்ல உக்காருங்க. ஃபேனப் போடறேன். கேம்ப் ரோட்டு டிராஃபிக்ல மாட்டிகினீங்களா? சேலையூர் தாண்டறதுக்குள்ள உசுரு பூடும். இந்தாங்க காபி.

ஐய, நான் பொண்ணு இல்ல சார். வேலை செய்யறவ. அருள்மேரின்னு பேரு. சின்னப் புள்ளையிலர்ந்து இந்த வூட்லதான் கீறேன். பொண்ணு கோகிலவாணி அமெரிக்காவுல கீது. ஞாயித்துக்கெழமை ஆனா வீடியோ கால் போடும், அப்பா சாப்ட்டியான்னு கேக்கும், இவுரு பேந்தப் பேந்த முழிப்பாரு, அது அழுதுட்டு வச்சுடும். அவ்ளோதான் பாசம். அள்ளிப் போடறது கழுவி உடறது எல்லாம் நான்தான்.

கண்காட்சிக்கு நீங்க கேட்ட காத்தாடி ஃபிலிம் தரேன் சார், எங்க பூடப் போவுது. உங்களுக்கு ஏன் இவ்ளோ அவசரம்? அவுரே பொறுமையா கீறாரு. நீங்க வர்றீங்கன்னு சொன்னதுலர்ந்து ஆளே மாறிட்டாரு தெரியுமா? கஞ்சி ஊட்னா மூஞ்சி மேலயே துப்புவாரு, இப்ப வழிச்சு வழிச்சுக் குடிக்கிறாரு. காலைல ஷேவ் பண்ணி உடச் சொல்லி கன்னத்தத் தொட்டுத் தொட்டுக் காட்றாரு. அந்த வேட்டி அறுபதாம் கல்யாணத்துக்கு எடுத்தது. பீரோவையே மொறச்சுப் பாத்துகினு இருந்தாரு, சரின்னு எடுத்துக் கட்டி உட்டேன். கண்காட்சில உங்க பேரு பெருசா போடுவாங்க ஐயா, காத்தாடி கட்டி கரண்டு எடுத்த துரைராஜ்னு வெள்ளக்காரங்க கூட வச்சு எழுதுவாங்கன்னு சொன்னேன். அழுதுட்டாரு. நாப்பது வருசமா அந்த ஒண்ணுக்குதான் சார் ஏங்கிகினு கீறாரு. காசு பணம் வேணாம், புள்ளைங்க வேணாம், யாராச்சும் வந்து நீதான்யா கட்டினன்னு சொல்லணும். அதுக்கு அந்த ஃபிலிம் ஒண்ணுதான் சாட்சி. காத்தாடிய எப்பவோ எடைக்குப் போட்டாச்சு, நின்ன எடத்துல அபார்ட்மெண்ட் வந்துடுச்சு.

இன்னா அது, லேப்டாப்ல? மத்த ஊரு காத்தாடியா? ஐயாவுக்கும் காட்டுங்க. ஐய, இன்னா சார் இது, ஒத்த எறக்கைய வச்சுகினு சுத்துது. இது பாரேன், மோர் கடையற மத்து மாதிரி நட்டுகினு நிக்குது. டென்மார்க்கா? எல்லாம் ஊமைப் படம்தானா? தோ, ஒருத்தன் ஏணில ஏறிகினு கீறானே, அவன் பேரு இன்னா? தெரியாதா? கட்டினவன் பேரு தெரியும், ஏறினவன் பேரு தெரியாது. இல்ல இல்ல, உங்களச் சொல்லல. சும்மா கேட்டேன்.

இவுரு கதைய உங்களுக்கு வந்த மெசேஜ்ல படிச்சிருப்பீங்க. மாடம்பாக்கத்துல ஏரிக்கு அந்தாண்ட இவுங்க நெலம்தான் மொத்தமும். அண்ணந்தம்பி எல்லாம் ஏர் புடிச்சாங்க, இவுரு ஒருத்தரு இன்ஜினியருக்குப் படிச்சாரு. படிச்சதுல மண்டைல காத்து பூந்துகிச்சு. மத்தியானமானா கடல் காத்து வருதே, அத்தப் புடிச்சு கரண்டு எடுக்கறேன்னு கெளம்பிட்டாரு. பனைமரத்து ஒசரத்துக்கு இரும்புக் கோபுரம், மூணு மர எறக்கை, லாரிலர்ந்து கழட்ன டைனமோ, கீழ ஒரு பல்பு. நல்லா இருந்துச்சு சார், பொய் சொல்லக் கூடாது. கோபுரத்த வெல்டிங் வச்சது கேம்ப் ரோட்ல பட்டறை வச்சிருந்த சவுரிமுத்து.

எங்கப்பாதான்.

ஆமா, தெறப்பு விழா அன்னிக்கு அந்தக் கோபுரத்துலர்ந்துதான் உழுந்து செத்தாரு. உங்களுக்கு அது தெரியாதா? படிச்சதுல இல்லியா? இருக்காது. குடிச்சிட்டு ஏறினான், நான் வேணாம்னு தலையால அடிச்சுகினேன், கேக்கலன்னு ஐயா எல்லார்கிட்டயும் சொன்னாரு. வந்து உக்காந்திருந்த பெரிய மனுசங்க அத்தினி பேரும் ஆமாம் ஆமாம்னாங்க. இவுரு வூட்டு சோத்தத் தின்னவங்க, வேற இன்னா சொல்லுவாங்க? குடிச்சுச் செத்தவன்னு சர்ச்சுல கூட எங்கப்பா பூசைக்குக் கூட்டம் வரல. எனக்கு அப்ப ஏழு வயசு. எங்கம்மா அடுத்த வருசமே காமாலைல பூட்டா. ஐயா வந்து சர்ச்சு வாசல்ல ஃபாதர் முன்னாடி நின்னு, இவள என் பொண்ணு மாதிரி வச்சுக்கறேன்னாரு. ஊரே கண்ணுல தண்ணி வச்சுகிச்சு. பொண்ணு மாதிரிதான் சார் வச்சுகினாரு. பொண்ணு ஸ்கூலுக்குப் போச்சு, நான் அதுக்கு டிபன் பாக்ஸ் தூக்கிகினு போனேன். எதுனா தட்டு ஒடைஞ்சா, குடிகாரன் பொண்ணுதானடி நீன்னு சொல்லுவாரு. நானும் நம்பிகினு இருந்தேன். எங்கப்பன் மேல எனக்கு அவ்ளோ வெறுப்பு சார். கல்லறைத் திருநாளுக்கு ஒரு மெழுவத்தி ஏத்தினதில்ல.

ஃபிலிமுக்குதான் வரேன். அந்தக் காலத்துல சிங்கப்பூர்லர்ந்து வரவழைச்ச சின்ன கேமரா, சத்தம் புடிக்காது. ஐயாவே எடுத்தாரு. யாரு வூட்டுக்கு வந்தாலும், சாப்ட்டு முடிச்ச ஒடனே செவுத்துல வெள்ளை வேட்டியக் கட்டி புரொஜெக்டரப் போட்டுடுவாரு. ஃபிலிம மாட்றது, வெளக்க நிறுத்தறது, காபி தர்றது எல்லாம் நான். படம் ஊமை, அதனால ஐயா பக்கத்துல நின்னு பேசுவாரு. தோ கோபுரம் ஏறுது, தோ அதிகாரிங்க வந்துட்டாங்க, இப்ப பாருங்க பிரேக்கு சிக்கிகிச்சு, எறக்கை அசைய மாட்டேங்குதுன்னு சொல்லுவாரு. அந்த எடத்துல டக்குனு ஒரு சத்தம் வந்து படம் எகிறும். அடுத்த நொடி எறக்கை சொழட்டிகினு சுத்தும், கீழ பல்பு பகபகன்னு எரியும். காத்தே பிரேக்கத் தள்ளி உட்டுடுச்சு பாத்தீங்களாம்பாரு. எல்லாரும் கை தட்டுவாங்க. நானும் தட்டியிருக்கேன்.

ஏன் ஐயா அங்க எகிறுதுன்னு ஒரு வாட்டி கேட்டேன். வெளிச்சம் பத்தல, வெட்டிட்டேன்னாரு.

வெட்டுனத தூக்கிப் போடல சார் இவுரு. வாதம் வந்து படுத்தப்புறம் பீரோவ ஒயிச்சேன், சட்டைக்கு அடில பவுடர் டப்பா ஒண்ணு. தொறந்தா சுருட்டி வச்ச ஃபிலிம் துண்டு. படம் நல்லா உழுந்துருக்குன்னு தூக்கிப் போட மனசு வரல போல கீது. நான்தான் புரொஜெக்டருக்கு ஆளாச்சே, இங்கயே, இதே எடத்துல, இவுரு முன்னாடியே மாட்டி ஓட்னேன். கண்ண இறுக்கி மூடிகினாரு. எமைய வெரலால தூக்கிப் புடிச்சுகினு பாக்க வச்சேன்.

இன்னா இருந்துச்சா? எங்கப்பா இருந்தாரு. நல்ல வெயிலு, வெள்ளைச் சட்டை, தலை சீவி ஒயுங்கா நிக்கறாரு. குடிச்சவன் நிக்கற நிப்பா அது? கேமராவப் பாத்து ரெண்டு கையும் ஆட்றாரு, வேணாம்னு. அந்தாண்ட பனைமரம் ஆடறதக் காட்றாரு, காத்து அடங்கட்டும்ன்றாரு. ஒடனே கேமராவுக்கு இந்தாண்டர்ந்து ஒரு கை நீளுது. வெரல மேல நீட்டி ஏறுன்னுது. அந்த வெரல்ல பச்சைக் கல்லு மோதிரம். தோ, இந்த இடது கைதான், மோதிரம் இன்னும் கழட்டல பாருங்க. உங்களுக்கு வணக்கம் சொன்ன கை. எங்கப்பா சட்டைய உள்ள சொருவிகினு ஏறுறாரு. மேல போயி பிரேக்க எட்டி ஒதைக்கிறாரு, எறக்கை கெளம்பி ஒரே அடி. படத்துலர்ந்தே காணாம பூட்றாரு.

கேமரா கீழ வரல சார். ஒரு ஆளு உழுந்தா யாரா இருந்தாலும் கை ஒதறும், குனிஞ்சாச்சும் பாப்பாங்க. இவுரு கை ஆடவே இல்ல. எல்லாரும் கை தட்டுவாங்களே, அந்த எடம்தான், எறக்கை சுத்தறதையே எடுத்துகினு கீறாரு. அப்புறம் மெதுவா பல்புக்கு எறங்குறாரு. பல்புக்குப் பின்னாடிதான் எங்கப்பா கெடந்திருக்கணும்.

ஐயா, இன்னா ஐயா, தலைய அப்டி ஆட்றீங்க? இல்லன்றீங்களா? சொல்லுங்களேன், உங்க காத்தாடியப் பாக்க வந்தவருதானே, நீங்களே சொல்லுங்க. பேச்சு வரலியா. சரி, நான் சொல்றேன், நீங்க கேளுங்க.

இந்தாங்க சார், அந்த டப்பா. எடுத்துகினு போங்க. கண்காட்சில போடுங்க, சவுரிமுத்துன்னு எழுதுங்க, குடிக்காதவன்னு எழுத முடிஞ்சா எழுதுங்க.

மிச்ச ஃபிலிமா? கோபுரம் ஏறுறது, எறக்கை சுத்தறது, பல்பு எரியறது, அதா? அது இல்ல சார். நாலஞ்சு மாசம் இருக்கும், காலைல குப்பை வண்டி பாட்டு போட்டுகினு வந்துச்சு, மக்காத குப்பைல போட்டுட்டேன். கத்திரியால துண்டு துண்டா வெட்டித்தான் போட்டேன். யாராச்சும் பொறுக்கி எடுத்துடக் கூடாதுல்ல. இப்ப பெருங்குடி குப்பை மேட்டுல எங்கியாச்சும் கெடக்கும்.

ஆமா சார், புரியுது, அது மட்டும்தான் சாட்சி. அது இல்லாம இவுரு கட்டினாரு, கரண்டு வந்துச்சுன்னு யாருக்கும் எழுத முடியாது. தெரிஞ்சுதான் போட்டேன்.

அப்புறம் எதுக்கு உங்கள வரச் சொன்னாங்கன்னு கேக்கறீங்களா? கோகிலாக்கா சொல்லல சார். அதுக்கு இதெல்லாம் நெனப்பே இல்ல. பழைய காத்தாடிப் படம் இருந்தா சொல்லுங்கன்னு நீங்க போட்டிருந்தது என் போன்ல வந்துச்சு. அது பேர்ல நான்தான் உங்களுக்கு மெசேஜ் போட்டேன். பக்கத்து வூட்டுப் பொண்ணு இங்கிலீஷ்ல அடிச்சுக் குடுத்துச்சு. ஃபிலிமக் குப்பைல போட்ட அன்னிக்கே இவுருகிட்ட சொல்லியிருக்கலாம். ஆனா அப்ப இவுருக்கு எது மேலயும் ஆசை இல்ல சார், சாவு வந்தா போதும்னு கெடந்தாரு. ஆசையே இல்லாதவன் கையிலர்ந்து எத்தப் புடுங்கறது? அதான் உங்கள வரவழைச்சு, கஞ்சி ஊட்டி, ஷேவ் பண்ணி, வேட்டி கட்டி வச்சிருந்தேன்.

நீங்க ஏன் சார் எழுந்துட்டீங்க? உக்காருங்க. பாத்துகினு இருக்க ஆளு இல்லன்னா ஐயாவுக்கு எதுவும் ஒறைக்காது.