சத்தம் வருது, படம் வரல

அது இல்ல தம்பி, அது ஃபேன் சுவிட்ச். அதுக்குக் கீழ பாருங்க. ம், அதான். இப்ப ரிமோட்ட அமுக்குங்க. கேக்குதா? எப்படிக் கத்துது பாருங்க. சத்தத்துக்கு ஒரு கொறையும் இல்ல. படந்தான், கழுவி வச்ச சிலேட்டு மாதிரி ஒரே கறுப்பு.

எப்பலேர்ந்தா? ஆச்சு, ஏழெட்டு மாசம். ஆளக் கூப்பிடலாம்னு சொன்னா எங்க வீட்டுக்காரர் விட்டாத்தானே. வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்பாரு. உங்களுக்கா டிவிக்கான்னு கேட்டா மொறைப்பாரு. காது நல்லாத்தானே இருக்கு, கேளு, போதும்பாரு. இப்படியே ஓட்டிட்டாரு. இன்னிக்குக் கண்ணாஸ்பத்திரிக்குப் போயிருக்காரு. கண்ணு எரியுதாம், தண்ணியாக் கொட்டுதாம். படமே வராத டிவிக்கு முன்னாடி உக்காந்து வெறிச்சுக்கிட்டிருந்தா வேற என்ன வரும்? நீங்க வந்திருக்கறது அவருக்குத் தெரியாது. அவரு வர்றதுக்குள்ள முடிச்சுடுவீங்கல்ல?

டார்ச்சா? இருக்கே. அந்த ஒத்த சோபாவுல, மெத்த இடுக்குல கைய விடுங்க. ஆமா, அங்கதான். அவரு உக்கார்ற இடம் அது. அலமாரில இருக்க வேண்டிய சாமான், அங்க போய்க் குடியிருக்கு. மங்கலா எரியுதா? பாத்தீங்களா. பேட்டரி மாத்தி மாத்தி எனக்கு அலுத்துப் போச்சு. கரண்டு போறதே இல்ல, இது மட்டும் எப்படித்தான் தீருதோ. வீட்ல பேய் கீய் இருந்து திங்குதான்னு கேட்டேன். பேப்பரத் தூக்கி மூஞ்சிய மறைச்சுக்கிட்டாரு. இந்தாங்க, புதுசு இருக்கு, போட்டுக்கங்க.

டிவி கண்ணாடிமேல சாய்ச்சுப் பிடிக்கணுமா? எங்க... அட, ஆமா தம்பி! தெரியுதே! யாரோ துணி தொவைக்கிறாங்க. இங்க ஒரு கை. இங்க வாளி. அப்ப படம் இத்தன நாளும் உள்ளயேதான் இருந்துச்சா? பின்னாடி எரியுற லைட்டுதான் போச்சா. ம். ஆனா உள்ளங்கை அகலம்தான் தெரியுது, இல்ல?

கட்டில்ல கவுத்துங்க, போர்வைய மடிச்சுப் போட்டிருக்கேன். ஸ்க்ரூவ இந்தக் கிண்ணத்துல போடுங்க. உருண்டு எங்கயாவது போச்சுன்னா இன்னிக்கு நான் தொலைஞ்சேன்.

என்ன தம்பி, உள்ள அப்படி உத்துப் பாக்குறீங்க? ரொம்பக் கெட்டுப் போச்சா?

கெடலையா? பின்ன?

எந்த ஒயரு? அந்த லைட்டுக்குப் போறதா? தானா கழண்டிருக்கும்.

டேப்பு சுத்தியிருக்கா. எங்க, காட்டுங்க.

ம்.

யாரு கை வச்சாங்கன்னு கேக்காதீங்க. அந்தக் கறுப்பு டேப்போட முனைய மட்டும் பாருங்க. சின்னதா உள்பக்கம் மடிச்சு விட்டிருக்கா? அப்புறம் பிரிக்கும்போது நகத்தால பிறாண்டாம வரணும்னு. எங்க வீட்டுக்காரர் ஆலையில ஒயரிங் வேலை பாத்தவரு. எங்க இஸ்திரிப் பெட்டி ஒயர்ல பாருங்க, இதே மடிப்பு இருக்கும். பின்னால பிரிக்க நெனச்சாத்தான் அப்படி மடிப்பாரு. இல்லன்னா அப்படியே அறுத்துவிட்டுப் போற ஆளு.

இல்ல தம்பி, நான் சிரிக்கல.

மாட்டுங்க. மாட்டி நிமித்துங்க, பின்மூடி அப்புறம் போட்டுக்கலாம். மத்தியானச் செய்தி வர்ற நேரந்தான். போடுங்க.

அம்மாடி. என்ன வெளிச்சம்.

கொஞ்சம் இப்படித் தள்ளி நில்லுங்க, மறைக்குது. முடிய வெட்டிட்டா. எளச்சுட்டா, கழுத்தெலும்பு தெரியுது. அந்த நீலத்துணி இவளுக்கு எடுபடாதுன்னு எப்பவும் சொல்வேன், கேக்க மாட்டா.

இல்லல்ல, துணி தொவைக்கிற பொண்ணு இல்ல, அது விளம்பரம். இந்தச் செய்தி வாசிக்கிறவ. எங்க பொண்ணுதான். ஒரே பொண்ணு.

இந்த வேலை கெடச்சுதுன்னு வந்து நிக்கிறா. கண்டவனும் பாக்குற மூஞ்சிய நான் பாக்க மாட்டேன், இனிமே என் மூஞ்சில முழிக்காதன்னுட்டாரு. அவளும் அவரு பொண்ணுதானே, பைய எடுத்துக்கிட்டா. மொத மொத இதுல வந்தா பாருங்க, விருட்டுன்னு எந்திரிச்சு வாசலுக்குப் போயிட்டாரு. அடுத்த வாரம் நான் கடைக்குப் போயிட்டு வர்றேன், படம் போச்சுங்கறாரு. நானும் ஒரு மடச்சி, நம்பினேன். அவ போன் பண்ணினப்ப, அப்பா பாக்குறாராம்மான்னு கேட்டா. டிவில படமே வரல கண்ணு, யாரு பாக்குறதுன்னேன். வேற சாக்கு கெடைக்கலையான்னா. அதுக்கப்புறம் அதக் கேக்குறதில்ல. நல்லாருக்கியா, நல்லாருக்கேன், அவ்வளவுதான். என் போனு பட்டன் போனு, அதுல எங்க பாக்குறது? பக்கத்து வீட்ல போய் நிக்கலாம். உங்க பொண்ணு ஏன் வீட்டுக்கே வர்றதில்லம்பாங்க. அதுக்கு என்ன சொல்றது?

அதனால குரல மட்டும் கேட்டுக்கிட்டேன். அதுவும் அடுப்படிலேர்ந்து. செய்தி ஆரம்பிச்சா, தாளிக்கிற நெடி வருது, கதவச் சாத்தும்பாரு. சாத்திக்குவேன். கதவுக்கு அந்தப் பக்கம் நான் கரண்டியும் கையுமா நின்னு கேப்பேன், கூடத்துல இவரு...

கூடத்துல இவரு டார்ச்ச வச்சுக்கிட்டு உக்காந்திருந்திருக்காரு.

ஆமா தம்பி. நீங்க இப்ப சாய்ச்சுப் பிடிச்சீங்களே, அப்படி. கண்ணுன்னா கண்ணு, வாயின்னா வாயி, ஒரு உள்ளங்கை அகலம். அதான் எரியுது அவருக்கு. பாக்க மாட்டேன்னவரு தெனமும் பாத்திருக்காரு. பாக்க மாட்டேன்னு ஒருநாளும் சொல்லாதவ நான், எனக்குக் கதவு.

அவ்வளவுதான், செய்தி முடிஞ்சிருச்சு. நிறுத்துங்க. கழட்டிடுங்க.

நெசமாத்தான் சொல்றேன். அந்த ஒயரக் கழட்டிப் பழைய மாதிரியே டேப்பு சுத்துங்க. முனைய மடிக்க மறந்துடாதீங்க, கண்டுபிடிச்சுடுவாரு. கண்டுபிடிச்சா இந்தப் பெட்டியே இங்க இருக்காது. அப்புறம் குரலும் இல்ல. பிரிக்கிறது அவரு கையாலயே பிரிக்கட்டும், மடிச்சு வச்சவரு அவருதானே.

ஸ்க்ரூ எல்லாம் போட்டாச்சா? அந்த விரல் ரேகைய இந்தத் துணியால தொடைச்சுடுங்க.

டார்ச்ச இப்படிக் குடுங்க, இருந்த இடத்துலயே சொருகிடறேன். இருங்க, அந்த அடிமூடியத் திருகித் தாங்க, எனக்குக் கை வர மாட்டேங்குது. உள்ள இருக்கற பேட்டரிய என் கையில கொட்டுங்க. ம். இப்ப மூடிடுங்க.